சிறு வணிகரும் தேக்க காலமும்

தேக்கம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. ஏரியில் நீர் தேங்கினால் ஊர் மகிழ்கிறது; அதனை நீர்த்தேக்கம் என்று பெருமையுடன் அழைக்கிறோம். அதே நீர் தெருவோரப் பள்ளத்தில் தேங்கினால் கொசு பிறக்கிறது. நகராட்சிக்கு மனு எழுதுகிறோம். நீர் ஒன்றே. மதகு உள்ள இடத்தில் தேங்கியது செல்வம். மதகு இல்லாத இடத்தில் தேங்கியது நோய். சிறு வணிகர் வாழ்வில் வரும் தேக்க காலத்தைப் பற்றிப் பேச வந்த நான் சொல்லாராய்ச்சியில் இறங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வியாபாரம் தேங்கிவிட்டது என்று வருந்துவோருள் பலர், தேங்கியிருப்பது எது, அது எந்த இடத்தில் தேங்கியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பாராமலே கடன் வாங்குகிறார்கள். கடைக்குப் புது வண்ணம் பூசுகிறார்கள். சோதிடரிடம் சென்று வாயிற்படியின் திசையை மாற்றுகிறார்கள். நோய் எதுவென்று அறியுமுன் மருந்து உண்பது போன்றது இது.

நட்டம் வேறு, தேக்கம் வேறு. நட்டம் கதவைத் தட்டிக்கொண்டு வரும். சரக்கு தீப்பற்றியது, கூட்டாளி ஏமாற்றினான், விலை திடீரென்று வீழ்ந்தது என்றால் அன்றிரவே வீட்டில் உறக்கம் கெடும். தேக்கமோ ஓசையின்றி வருவது. சென்ற ஆண்டு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் விற்றது. இந்த ஆண்டும் 5,000 விற்கிறது. குறைந்து போகவில்லையே என்று கடைக்காரர் ஆறுதல் அடைகிறார். இந்த ஆறுதலில்தான் ஆபத்து இருக்கிறது. பொருள்களின் விலை ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறு ஏறினால் 12 ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகிவிடும். அப்படியாயின், 12 ஆண்டுகளாக நாளும் 5,000 ரூபாய்க்கே விற்று வரும் கடை, உண்மையில் பாதிக் கடையாகச் சுருங்கிவிட்டது என்றே பொருள். கல்லாப்பெட்டியில் விழும் தொகை மாறவில்லை. அது வாங்கும் அரிசியின் அளவு பாதியாகிவிட்டது. வகுப்பறையில் கூட்டு வட்டிக் கணக்கை வெறுத்த மாணவன், கடை வைத்த பிறகு அதே கணக்கிடம் அகப்பட்டுக்கொள்கிறான்!

சிறு வணிகர் என்று நான் யாரைக் குறிக்கிறேன் என்பதையும் கூறிவிட வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த மைய அரசின் வரையறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரையுள்ள தொழிலும் ‘குறுந்தொழில்’ என்ற வகுப்பிலேயே அடங்கலாம். நம் தெருமுனைக் கடைக்காரர் இந்த வரையறையைக் கேட்டால் சிரிப்பார். பேருந்து நிலையத்தருகே எழுதுபொருள் விற்பவர், இரண்டு தையல் பொறிகளுடன் தொழில் செய்பவர், ஒரே ஒரு கடைசல் பொறியை வைத்துப் பட்டறை நடத்துபவர் ஆகியோரே என் மனக்கண் முன் நிற்பவர்கள். இவர்களுக்குக் கணக்கர் இல்லை, மேலாளர் இல்லை. கடை தேங்கினால் குடும்பம் தேங்கும்.

இனி, ஒரு கடையின் கதையைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். கடைக்காரர் என் பழைய மாணவர். தாலுகா தலைநகரான ஒரு சிற்றூரில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறார். ஊரையும் பேரையும் கூறப் போவதில்லை. தொகைகளையும் சற்றே மாற்றிக் கூறுகிறேன். கணக்கின் போக்கு மாறாது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் என்னிடம் வந்தார். பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சு முதல் பள்ளிகள் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளன்றுதான். எழுதுபொருள் கடைக்கு அது எத்தகைய காலம் என்று விளக்க வேண்டியதில்லை. “ஐயா, பள்ளி திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க இன்னும் ஓர் இலட்சம் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன்” என்றார். “முன்பே கடன் உண்டா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்து, “மனைவியின் நகைகள் 2 இலட்சத்துக்கு வங்கியில் இருக்கின்றன” என்றார். வட்டி நூற்றுக்கு 12 வீதம். ஆண்டுக்கு 24,000, மாதத்துக்கு 2,000.

நான் கேட்ட அடுத்த கேள்வி: “தம்பி, உன் கடையில் எவ்வளவு ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது?” அவருக்குத் தெரியவில்லை. இதில் வியப்பில்லை. அன்றாட விற்பனை எவ்வளவு என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்; சரக்கு இருப்பு எவ்வளவு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். கல்லாப்பெட்டி கண்முன் இருக்கிறது. பரண் தலைக்குமேல் இருக்கிறது. கண்முன் இருப்பதை எண்ணுகிறோம்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள்கள் இருந்தன. அந்நாளில் நம் ஊர்க் கடைகளில் நடப்பதை எல்லாரும் அறிவர். அலமாரியில் உள்ளவை யாவும் கீழே இறக்கப்படும்; தூசி துடைக்கப்படும்; சந்தனமும் குங்குமமும் இட்ட பிறகு எல்லாம் மீண்டும் பழைய இடத்தில் ஏறி அமரும். ஆண்டில் ஒரு முறை சரக்கு முழுவதும் கைக்கு எட்டும் நாள் அது. துடைக்கிறோமேயன்றி எண்ணுகிறோமில்லை. “இவ்வாண்டு துடைக்கும்போதே எழுது” என்றேன். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கே செய்திகள்: பெயர், எண்ணிக்கை, அடக்கவிலை, கடைசியாக விற்ற காலம். அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில் எழுதினார். மூன்று நாள்கள் ஆயின.

கூட்டிப் பார்த்தபோது சரக்கின் அடக்கவிலை மொத்தம் 6 இலட்சம் ரூபாய். அதில் ஓராண்டுக்குமேல் ஒன்றுகூட விற்காத பொருள்களின் அடக்கவிலை மட்டும் 2 இலட்சம்! அவை யாவை? பொங்கல் வாழ்த்து அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. கைப்பேசி வந்த பிறகு வாழ்த்து அட்டையைத் தேடி யார் வருகிறார்கள்? பழைய பாடத்திட்டத்துக்கான உரைநூல்கள் இருந்தன. 2018-19-ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், அதற்கு அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும் தமிழ்நாட்டில் பாடநூல்கள் புதியனவாக மாறிவிட்டன. பழைய உரைநூல் அன்றே பழங்காகிதம் ஆகிவிட்டது. மை உலர்ந்த பேனாக்கள், ஈரம் ஏறிய வரைபடத் தாள்கள், பூட்டு இறுகிப்போன வடிவியல் பெட்டிகள் என்று பட்டியல் நீண்டது.

இப்போது இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நகைக் கடன் 2 இலட்சம். விற்காத சரக்கு 2 இலட்சம். மனைவியின் வளையல்கள் வங்கிப் பெட்டகத்தில் இருந்தன. அவற்றின் மதிப்புப் பரண்மீது வாழ்த்து அட்டையாக உறங்கிக்கொண்டிருந்தது. அந்த உறக்கத்துக்குக் காவற்கூலியாக மாதம் 2,000 ரூபாய் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிகள் மூடுமுன் இருந்த நல்ல காலத்திலேயே அக்கடையின் நிலை இதுதான்: மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாய் அடக்கவிலையுள்ள பொருள் விற்கும், நூற்றுக்கு 20 வீதம் இலாபம் வைத்தால் 30,000 கிடைக்கும். கடை வாடகை 7,000, உதவியாளுக்கு 8,000, மின்கட்டணமும் பிற செலவுகளும் 2,000, வட்டி 2,000. வீட்டுக்குச் செல்வது 11,000. அந்த 11,000 ரூபாயில் நான்கு பேர் உண்டு, உடுத்து, இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டும். மாதம் 2,000 என்பது அவர்களுக்குச் சிறு தொகை அன்று.

வணிக நூல்களில் சரக்குச் சுழற்சி என்று ஒன்று கூறுவர். கேட்பதற்குக் கடினமாக இருந்தாலும் பூக்காரி அறிந்த கணக்குத்தான் அது. காலையில் 1,000 ரூபாய்க்குப் பூ வாங்குகிறாள், மாலைக்குள் விற்கிறாள், மறுநாள் அதே 1,000 ரூபாயைக் கொண்டு மீண்டும் வாங்குகிறாள். ஓராண்டில் அவளது முதல் ஏறத்தாழ 365 முறை சுழல்கிறது. ஆகையால் சிறு முதலில் ஒரு குடும்பம் பிழைக்கிறது. எழுதுபொருள் கடை பூக்கடை ஆகாது. ஆனாலும் கணக்கு ஒன்றே. ஓராண்டு விற்ற பொருளின் அடக்கவிலையைச் சரக்கு இருப்பால் வகுக்க வேண்டும். இவருக்கு 18 இலட்சத்தை 6 இலட்சத்தால் வகுத்தால் 3. விற்காத 2 இலட்சத்தை நீக்கிவிட்டு வகுத்தால் நாலரை. விற்பனை ஒரு ரூபாயும் கூடவில்லை. முதலோ முன்னினும் விரைவாகச் சுழல்கிறது. தேங்கியது வியாபாரம் அன்று. அதன் மூன்றில் ஒரு பங்கு முதல்.

சரி, விற்காத பொருளை என்ன செய்வது? அடக்கவிலைக்குக் குறைத்து விற்கக் கடைக்காரர் மனம் எளிதில் ஒப்புவதில்லை. “நூறு ரூபாய் கொடுத்து வாங்கியதை முப்பதுக்குத் தள்ளுவதா?” என்பார். அந்த நூறு ரூபாய் என்றோ செலவாகிவிட்டது. அதைப் பரண் திருப்பித் தராது. இன்று முப்பது கிடைக்கும். அடுத்த ஆண்டு அதுவும் கிடைக்காது. இதை விளங்கவைக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. கடைசியில் அவர் மனைவிதான் முடிவு செய்தார். உரைநூல்களும் அட்டைகளும் எடைக்குப் போயின. பேனாக்களும் பெட்டிகளும் பாதி விலையில் வாரச் சந்தையில் விற்கப்பட்டன. திரும்பி வந்தது 58,000 ரூபாய். அதில் 40,000 நகைக் கடனுக்குச் சென்றது. மிஞ்சிய 18,000 புதுச் சரக்குக்காக ஒதுக்கப்பட்டது. எதை வாங்குவது என்ற கேள்வி மட்டும் நின்றது.

அந்தக் கேள்விக்கு வருமுன், அவர் வாங்க எண்ணியிருந்த ஓர் இலட்சம் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் நினைத்தது வங்கிக் கடன் அன்று, தண்டல் கடன். தண்டலின் கணக்கு இது: 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள், 1,500-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘1,500-தானே, நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்று தோன்றும். அவ்வாறு அன்று. கட்டக் கட்டக் கடன் குறைந்துகொண்டே வருவதால், கையில் நிற்கும் தொகை சராசரியாகப் பாதிக்கும் குறைவு. காலமும் ஓராண்டு அன்று, 100 நாளே. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 120 வீதத்தைத் தொடும்! அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் உண்டு. எனினும், விடியற்காலையில் கடை வாயிலில் வந்து நிற்கும் தண்டல்காரரிடம் சட்டம் பேச எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நாள்தோறும் சுழலும் காய்கறிக் கடைக்குத் தண்டல் ஒரு வேளை பொறுக்கும். ஆண்டுக்கு மூன்று முறை சுழலும் கடையை அது விழுங்கிவிடும். தேக்க காலத்தில் வாங்கும் கடன், ஓடும் பொருளை வாங்க உதவினால் மருந்து. தேங்கிய பொருளைத் தாங்கிக்கொண்டிருக்க உதவினால் அது நோயின் ஒரு பகுதியே.

இனி, வாங்க வருவோரைப் பற்றிப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு என ஒன்று உண்டு. அதன் சிறப்பு என்னவென்றால், வந்தவனைவிட வராதவனை அது நன்றாகக் காட்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் ஆசிரியர் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். கடைக்காரரிடம் அத்தகைய பதிவேடு இல்லை. வருகிறவர் முகம் தெரியும். வருவதை நிறுத்திக்கொண்டவர் எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பது தெரியாது. தேக்கத்தின் காரணத்தைக் கூறக் கூடியவர் அந்த வராதவர் ஒருவரே. கடைக்குள் நின்று வருவோரிடம் எவ்வளவு கேட்டாலும் அது கிடைக்காது.

ஆகவே, முன்பு வந்து இப்போது வராதவர்களின் பட்டியலை என் மாணவர் எழுதினார். நாற்பது பெயர்கள் தேறின. அவர்களுள் பன்னிரண்டு பேரைச் சந்தித்தார். விற்க அன்று, கேட்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் குறிப்பேடும் விலையின்றிக் கிடைக்கின்றன. அது நல்ல செயலே. அதைக் குறைகூறும் உரிமை ஆசிரியனாகிய எனக்கு இல்லை. தனியார் பள்ளிகளோ குறிப்பேடுகளைத் தாமே விற்றுவிடுகின்றன என்று ஒரு தாய் கூறினார். ஆக, பள்ளி திறந்தாலும் பழைய வியாபாரம் திரும்பி வராது என்பது வெளிப்பட்டது. கசப்பான செய்திதான். ஆயின் இரண்டாண்டு காத்திருந்து அறிய வேண்டியதை இரண்டு வாரத்தில் அறிந்துகொண்டார். பன்னிரண்டாமவர் ஓர் இளைஞர். பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். “அண்ணா, விடைத்தாளில் வட்டம் நிரப்பிப் பழகும் தாள் உங்கள் கடையில் கிடையாது. அதற்காக மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போய் வருகிறேன்” என்றார் அவர். அத்தாளின் விலை அற்பம். பேருந்துக் கட்டணம் அதைவிட அதிகம்.

2022 சூலையில் நான்காம் தொகுதித் தேர்வு நடந்தது. அதற்கு விண்ணப்பித்தோர் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தாலுகா நூலகத்தில் மாலை வேளையில் இடம் கிடையாது. அவர்களுக்குத் தேவையானவை பழகுதாள், கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா, நீளக் குறிப்பேடு, அச்சிட்ட பக்கங்களைச் சுருள்கம்பியிட்டுக் கட்டித் தருதல் ஆகியவை. கடையிலோ நீல மைப் பேனாக்களே நிறைந்திருந்தன! ஒதுக்கிய 18,000 ரூபாயில் ஒரு சிறிய கட்டுப்பொறியும் இந்தச் சரக்குகளும் வந்தன. பள்ளிப் பிள்ளைகளை இழந்த கடைக்குப் பள்ளி முடித்தவர்கள் வரத் தொடங்கினர். அவர்கள் எப்போதும் அந்த ஊரிலேயே இருந்தவர்கள்தாம்.

சிறு கடைக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று இது. 1970-ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார் ஆர். ஜி. சந்திரமோகன். பிற்காலத்தில் அருண் ஐஸ்கிரீம் என்று பெயர் பெற்றது அத்தொழில். முதற் பத்தாண்டுகள் கடுமையானவை. பெருநகரத்தில் பெரிய நிறுவனங்களின் பொருளுக்கு நடுவே இவர் பொருளுக்கு இடம் அரிதாக இருந்தது. அவர் பெருநகரத்தில் மேலும் முட்டிக்கொண்டிராமல், பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத சிறு நகரங்களுக்குத் தம் பொருளை அனுப்பினார். அங்கே தம் பெயரிலேயே தனிக் கடைகள் அமையச் செய்தார். பொருள் அதேதான், வாங்குபவர் இருக்கும் இடம் மாறிற்று.

சிவகாசியின் வரலாறு இதற்கு மறுபக்கம். மழை பொய்த்த கரிசல் நாட்டில் உழவும் இல்லை, வேறு தொழிலும் இல்லை என்ற நிலையில், பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு மேல்தாள் வேண்டியிருந்தது; ஆகையால் அச்சுத் தொழிலும் அவ்வூரில் வேரூன்றியது. பட்டாசும் பின்னர் வந்தது. வறட்சி தந்த தேக்கத்தை ஊரில் இருந்தபடியே அவர்கள் வென்றுவிடவில்லை. புறப்பட்டுப் போய், தெரியாததைக் கற்று வந்தார்கள். இன்றைய சிறு வணிகருக்குக் கல்கத்தாப் பயணம் தேவைப்படாது. பக்கத்து நகரத்தில் அதே தொழிலை நடத்துபவரிடம் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வந்தால் போதும். போட்டியாளர் அல்லாத ஊர்க்காரர் ஒளிக்காமல் சொல்லித் தருவார் என்பது என் அனுபவம்.

தீப்பெட்டியைக் குறிப்பிட்டதும் விலையைப் பற்றிய ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2007-இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டியின் விலை, 2021 டிசம்பர் முதல் நாளில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. பதினான்கு ஆண்டுகள்! அதற்கிடையில் மெழுகு, அட்டை, பாஸ்பரஸ் எல்லாம் விலை ஏறின. தனி ஒருவர் ஏற்றினால் விற்காது என்பதால் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி முடிவு செய்தார்கள்; ஏற்றியபோது பெட்டிக்குள் குச்சிகளையும் 36-லிருந்து 50 ஆக்கினார்கள். வாங்குவோர் முணுமுணுக்கவில்லை. விலை ஏற்ற அஞ்சியே தேங்கிய கடைகள் பல. தையற்காரர் ஐந்தாண்டுக்கு முந்தைய கூலியையே வாங்குகிறார். ஏற்றினால் ஆள் போய்விடும் என்று அஞ்சுகிறார். பொத்தானும் நூலும் நல்லதாகப் போட்டு, சொன்ன நாளில் கொடுத்து, பிறகு கூலியை ஏற்றினால், போகிறவர் மிகச் சிலரே.

கடன் கொடுத்துத் தேங்கியவர்களும் உண்டு. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை எழுதி வைத்துக்கொண்டு, பலகையின் கீழேயே கடன் கொடுப்பவர் நம் மளிகைக் கடைக்காரர். அது அவருடைய நற்குணம். கூலி கிடைக்காத வாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆயினும் பாக்கியைப் பெயர்வாரியாக மட்டும் எழுதாமல் காலவாரியாகவும் பிரித்து எழுத வேண்டும். ஒரு மாதத்துப் பாக்கி வரும். ஆறு மாதத்துப் பாக்கி வருவது ஐயம். ஆண்டு கடந்ததை முதல் என்று எண்ணிக்கொண்டிருப்பது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். பெரிய ஆலைக்கு உதிரிப் பாகம் செய்து தரும் பட்டறைக்காரருக்குச் சட்டத்தின் துணை ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பொருளைப் பெற்றுக்கொண்டவர் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. நிறுத்தினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். இதற்கு ‘உத்யம்’ பதிவு வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பொருள் செய்து தருவோர்க்கும் பணி செய்து தருவோர்க்குமே இந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கும் கடைக்காரர்க்கு இல்லை. வழக்காடினால் அடுத்த வேலை கிடைக்காதே என்று பட்டறைக்காரர் அஞ்சுவதும் நியாயமே. ஆனால் வேலை ஒப்புக்கொள்ளும்போதே 45 நாள் என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

எல்லாத் தேக்கமும் நீங்கக் கூடியது என்று நான் சொல்லப் போவதில்லை. ஊர்தோறும் எஸ்.டி.டி. பூத்துகள் மஞ்சள் பலகையுடன் விளங்கிய காலம் ஒன்று இருந்தது. கைப்பேசி பரவிய பிறகு எந்தத் திறமையாலும் அதனை நிறுத்தி வைத்திருக்க முடியவில்லை. காலத்தே நகல்பொறி வாங்கி வைத்தவர் பிழைத்தார். பலகையைக் காத்துக்கொண்டிருந்தவர் கையிருப்பையும் கரைத்தார். ஒரு கடை நீடிக்கத் தக்கதா என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. கடன் இல்லாத ஒரு கடை; முதல் 6 இலட்சம்; எல்லாச் செலவும் போக மாதம் 13,000 கிடைக்கிறது என்று கொள்வோம். அந்த 6 இலட்சத்தை நூற்றுக்கு 6 வீத வட்டியில் வைப்பில் இட்டால் மாதம் 3,000 சும்மா வரும். எஞ்சிய 10,000-தான் அவர் உழைப்புக்குக் கூலி. அவர் வேறொரு கடையில் பணிபுரிந்தால் 12,000 கிடைக்குமாயின், சொந்தக் கடை அவருக்கு மாதம் 2,000 குறைத்துக் கொடுக்கிறது. ஓராண்டு அப்படி இருக்கலாம், பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டு தொடர்ந்து அப்படியே இருந்தால், முதல் கரையுமுன் கடையை மூடுவதே அறிவுடைமை. மொத்த வியாபாரியின் பாக்கியைத் தீர்த்து, உதவியாளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, தலை நிமிர்ந்து பூட்டிய கடைக்காரரை ஊர் இகழ்வதில்லை. இரவோடு இரவாகப் போனவரைப் பற்றியே ஊர் பேசும்.

மற்றொன்றும் உண்டு, அதைக் கணக்கில் எழுத முடியாது. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டும் மனிதருக்குத் தம் கடையை வெளியே நின்று பார்க்கும் நேரமே வாய்ப்பதில்லை. வாரத்தில் அரைநாள், விற்பனை குறைந்த ஒரு பிற்பகலில், கடையை மற்றொருவரிடம் விட்டுவிட்டு எதிர்ச் சாரியில் நின்று பார்க்கும்படி என் மாணவரிடம் கூறினேன். முதல் நாளே கண்டுபிடித்தார்: வாயிலில் அடுக்கியிருந்த நெகிழி நாற்காலிகள் உள்ளே இருப்பதை மறைத்துக்கொண்டிருந்தன. உள்ளே என்ன விற்கிறது என்பதே தெருவில் போவோருக்குத் தெரியவில்லை. நாற்காலிகள் அன்று மாலையே இடம் மாறின.

அவர் கடை இன்றும் சிறு கடைதான். நாள் விற்பனை முன்பைவிட ஓரளவு கூடியிருக்கிறது. தேர்வு அறிவிப்பு இல்லாத மாதங்களில் குறைந்தும் போகிறது. பரணில் இப்போது பொருள் வைப்பதில்லை, பலகைகளைக் கழற்றிவிட்டார். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு முன் மூன்று நாள்கள் எண்ணிக்கை நடக்கிறது. ஓராண்டாக அசையாத பொருளுக்கு நேரே அவர் மனைவி சிவப்பு மையால் ஒரு கோடு இடுகிறார்; கோடு விழுந்த பொருள் தீபாவளிக்குள் கடையை விட்டுப் போய்விட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சங்கிலியும் தோடும் மீண்டு வந்துவிட்டன. இரண்டு வளையல்கள் இன்னும் வங்கியில் இருக்கின்றன. அவற்றுக்குரிய கடைசித் தவணை வருகிற தை மாதம் என்று அதே குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.